கூட நின்ற ஒருவர்

சசிக்கு வெட்டு விழுந்ததை மூன்று பேர் கண்ணால் பார்த்தார்கள். ஜொய்சி காதால் மட்டும் கேட்டாள். பார்த்த மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் என்ன கறி போட்டார்கள் என்று கேட்டாலே நம் ஆட்கள் ஒரே மாதிரிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான்கு பேரும் ஒத்துப்போனார்கள். வெட்டு விழுந்தபோது சசி என்ன சொல்லிக் கத்தினான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தச் சந்தேகம் இல்லாத வார்த்தைதான் அன்றைக்குத் தோட்டத்தில் இரத்தம் குடித்தது.

பெல்மதுளையிலிருந்து ஓப்பநாயக்க போகிற பாதையில் இறங்கி, ஏற்றத்தில் நடந்தால் அந்தத் தோட்டம் வரும். மேலே தேயிலை, கீழே றப்பர். பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை. விடிந்தும் விடியாமலும் இருந்தது. பனி மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டு நின்றது. ஜொய்சி தன் வரிசையில் குனிந்து றப்பர் மரத்துப் பட்டையைச் சீவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மேல் வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

"ஐயா! ஐயா! எப்பா! எப்பா!"

அதற்குப் பிறகு வாளி உருளும் சத்தம். அவள் ஏறி ஓடிப் பார்த்தபோது சசி மரத்தடியில் குப்புறக் கிடந்தான். காதிலிருந்து கழுத்துவரை பிளந்து, காது ஒரு தோலில் தொங்கியது. கவிழ்ந்த வாளியின் றப்பர்ப் பால் முழுவதும் அவன் தலையில் கொட்டியிருந்தது. இரத்தமும் பாலும் கலந்து அவள் கண்ணுக்கு முன்னாலேயே முடியில் கட்டி கட்டியாக உறைந்தது. அவள் தலையை மடியில் வைத்துப் பொத்திப் பிடித்தாள். விரலுக்கு இடையால் சூடாக வழிந்துகொண்டே இருந்தது. த்ரீவீல் வந்து ஏற்றும்போது அவனுக்கு மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை.

சசி நல்லையாவுக்கும் புஷ்பத்துக்கும் ஒரே பிள்ளை. சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பக்கத்துக் கிராமத்துப் பொடியன்களோடு கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவன். வாயைத் திறந்தால் சிங்களம்தான் முந்திக்கொண்டு வரும். புஷ்பத்தை 'அம்மே' என்பான். நல்லையாவை 'தாத்தே' என்பான். சிங்களத்தில் அது அப்பாதான். "எனக்கு இன்னும் ஒரு பேரன் பொறக்கலடா, அதுக்குள்ள தாத்தா ஆக்கிட்டியா" என்று நல்லையா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று எல்லாரும் கேட்கச் சொல்லிச் சிரிப்பார். மகன் மேல் அப்படி ஒரு பெருமை அந்த மனிதருக்கு.

வெட்டினது யார்? வெள்ளைச் சட்டை போட்ட உயரமான ஆள், மேலே ரோட்டுப் பக்கம் ஓடினான் என்றாள் விஜயகலா. கறுப்பு மழைக்கோட்டுப் போட்ட கட்டையான ஆள், கீழே ஆற்றுப் பக்கம் ஓடினான் என்றாள் சுதர்ஷினி. ரெண்டு பேர் வந்தானுங்க, மோட்டார் சைக்கிள் சத்தமும் கேட்டது என்றார் காவல்கார அருளப்பன். வெட்டு வலது காதிலா இடது காதிலா என்பதில்கூட விஜயகலாவும் சுதர்ஷினியும் சண்டைக்கு நின்றார்கள். ஆனால் மூன்று பேரும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: "ஐயா, ஐயான்னு கத்துனான். எப்பா, எப்பான்னு அழுதான்."

அந்தத் தோட்டத்தில் 'ஐயா' என்றால் கணக்கப்பிள்ளை இராமசாமி. வேறு ஐயா கிடையாது. முந்தின நாள்தான், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் சசிக்கும் அவருக்கும் வாய்த் தகராறு. பால் குறைவு என்று சசிக்கு அரைநாள் கூலிக்கான அரைப்பேர் போட்டுவிட்டார். சசி விடவில்லை. "ஐயா, கொறஞ்ச பால நானா ஆத்துல ஊத்துனேன்" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டான். "ஒன் வாய ஒரு நாளைக்கி நான் கிழிக்கிறேன்டா" என்று இராமசாமி சொன்னதைத் தோட்டமே கேட்டது. கேட்டதற்கு இப்போது விலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாவுச் செய்தி வந்ததும் நல்லையாவின் லயத்து வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியது. சடலம் இன்னும் வரவில்லை. அதை அறுத்துப் பார்த்துத்தான் தருவார்கள். பெரிய தொர கொழும்புக்குப் போயிருந்தார். பொலிஸ் வருகிறது, வருகிறது என்றே மத்தியானம் ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒருவன் மட்டும் கொஞ்சம் யோசித்து, "ஆளுக்கு ஒன்னு சொல்றாங்களே, எத நம்புறது?" என்று கேட்டான்.

பதில் சொன்னது ஹில்டா. தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். ஃபாதர் வராத ஞாயிறுகளில் கோயிலில் செபம் நடத்துபவளும் அவள்தான். அவளுக்கு யாரிடமும் பகை இல்லை. பொலிஸ் வந்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எடுத்துச் சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

"நாலு சுவிசேஷமும் ஒரே மாதிரியா இருக்கு? ஆண்டவரோட கல்லறையில நின்னது ஒருத்தர் ஒரு சம்மனசுன்னு சொல்லுவாரு, இன்னொருத்தர் ரெண்டுன்னு சொல்லுவாரு. அதுக்காகப் பொய்யா? நாலு பேரும் ஒரே மாதிரி ஒப்பிச்சாத்தான் பேசி வச்சிட்டு வந்திருக்காங்கன்னு சந்தேகப்படணும். நாலு பேரும் ஒத்துப்போற எடம் எதுன்னு பாக்கணும். அதுதான் உண்மை."

"ஐயான்னு கத்துனான். அதுல எல்லாரும் ஒத்துப்போறாங்கதானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜொய்சி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய புருஷன் டெனிஸ்டன். மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைத் திருடிக் கிராமத்தில் விற்றான் என்று இராமசாமி போன மாதம் அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். அன்று காலையில் வேலை தேடி ஓப்பநாயக்கவுக்குப் போகிறேன் என்று இருட்டோடு கிளம்பிப் போனவன், எப்போது திரும்பி வந்தான் என்று அவளுக்குத் தெரியாது. கையில் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கு இருந்தது.

"நாலு பேரு சொல்லியாச்சி. இன்னும் என்னாத்துக்குப் பேச்சி?" என்றான் அவன். கூட்டம் அவன் பின்னால் அசைந்தது. நல்லையாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மனிதர் நடக்கவில்லை, கொண்டுபோகப்பட்டார்.

ஜொய்சியும் போயிருப்பாள். அவளுக்கும் இராமசாமி மேல் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. நகத்துக்குள் சசியின் இரத்தம் இன்னும் போகவில்லை. ஆனால் புஷ்பம் அவள் மடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சடலம் இல்லாத வீட்டில், வெறும் பாயைப் பார்த்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய அம்மேன்னு கூப்புட்டியே... அப்பனத் தாத்தேன்னு சொன்னியே... அடிக்க வந்தா எபா அம்மே, எபா அம்மேன்னு ஓடி ஒளிவியே ராசா... யாருகிட்டடா எபான்னு கெஞ்சுன..."

ஜொய்சி குனிந்து புஷ்பத்தின் வாயையே பார்த்தாள்.

எபா. சிங்களத்தில் 'வேண்டாம்'. காலையில் அவள் கேட்டது 'எப்பா' இல்லை. வலி தாங்காமல் தமிழில் அரற்றிய சத்தமே இல்லை அது. உயிர் போகிற நேரத்தில் அவன் வாயில் முந்திக்கொண்டு வந்தது சிங்களம். 'எபா' சிங்களம் என்றால், அதற்கு முன்னால் வந்ததும் சிங்களம்தான். சிங்களத்தில் அய்யா என்றால் துரையும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. அண்ணன்.

சசிக்கு அண்ணன் கிடையாது. அண்ணன் என்று அவன் அழைத்தது ஒரே ஒரு ஆளை. கிரிக்கெட்டில் அவனுக்குப் பந்து போடக் கற்றுக்கொடுத்த ஆள். போன ஞாயிற்றுக்கிழமைகூட வாசலில் வந்து நின்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அவளிடம் கேட்டானே: "அக்கே, அய்யா இன்னவாத?" அக்கா, அண்ணன் இருக்கிறாரா? உள்ளே படுத்திருந்த டெனிஸ்டன், இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினான். ஏன் என்று கேட்டதற்கு, "காட்டிக் குடுக்கிற நாயி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அது யாரைப் பற்றி, எதைப் பற்றி என்று அவள் அப்போது கேட்கவில்லை.

புஷ்பத்தின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஜொய்சி ஓடினாள்.

ஓடும்போது அவள் நினைத்தது புருஷனைப் பற்றி இல்லை, சசியைப் பற்றியும் இல்லை. அதே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயிலில் ஹில்டாவோடு உட்கார்ந்து பேசிய பேச்சுத்தான் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. பெரிய வெள்ளிக்கு யோவான் எழுதின ஆண்டவரின் பாடுகளை வாசிக்க ஜொய்சியைப் போட்டிருந்தார்கள். ஆண்டவரைப் பிடிக்க வந்த வேலைக்காரனின் காதை வெட்டுகிற இடத்தில் அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. மற்ற மூன்று சுவிசேஷக்காரர்களும் கூட நின்ற ஒருவர் வெட்டினார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். யோவான் மட்டும் பேதுரு என்று பெயரைப் போடுகிறார். ஏன்?

"ஃபாதர் சொன்னாங்க," என்றாள் ஹில்டா. "மொதல்ல எழுதினவங்க காலத்துல அந்தக் கதைய நெனச்சாலே பயமாம். பேர எழுதினா சேவகனுங்க வந்து பேதுருவப் புடிச்சிருவானுங்க. யோவான் எழுதுறப்ப பேதுரு செத்துட்டாரு. செத்தவர என்னா செய்ய ஏலும்? அதனால எழுதினாரு. அப்புடியும் சொல்றாங்க."

"அப்ப மத்தவங்க தெரிஞ்சேதான் விட்டாங்களாக்கா?"

"காது அறுந்ததப் பாத்தவங்களுக்குக் கை யாருதுன்னு தெரியாமப் போகுமா?"

இராமசாமியின் குவாட்டர்ஸ் வாசலுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது காரியம் பாதி முடிந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைச் சோற்றுக் கையோடு இழுத்து வெளியில் போட்டிருந்தார்கள். காலையில் த்ரீவீலுக்கு ஃபோன் எடுத்துக் கொடுத்ததே அந்த மனிதர்தான். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. வேலிக் கம்பால் அடித்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். காலையில் பனிக்குள் ஆளை அடையாளம் தெரியாத கண்களெல்லாம் இப்போது குறி தவறாமல் அடித்தன. அவருடைய வலது கண் இருந்த இடத்தில் கண் இல்லை. உள்ளே பூட்டிய கதவுக்குப் பின்னால் அவர் மனைவி தலையைக் கதவில் மோதி மோதிக் கத்திக்கொண்டிருந்தாள். "நான் இல்லடா, நான் இல்லடா" என்று இராமசாமி சொல்லச் சொல்ல, டெனிஸ்டன் அவர் நெஞ்சில் மிதித்தான். எல்லாரையும் விட அவனுக்குத்தான் கோபம் அதிகம் மாதிரி இருந்தது.

"ஐயா இல்ல!" என்று ஜொய்சி கத்தினாள். "ஐயா இல்ல! அய்யா! அய்யா!"

கூட்டத்துக்கு என்ன கேட்டிருக்கும்? ஐயா, ஐயா என்றுதான் கேட்டது. செத்தவனின் தலையை மடியில் வைத்திருந்தவளே வந்து சொல்கிறாள் என்று இன்னும் ரெண்டு கம்பு கூடுதலாக விழுந்தது. எழுதிக் காட்டினால் ஒருவேளை ஓர் எழுத்து வித்தியாசம் தெரியும். கத்தும்போது என்ன தெரியும்? அவள் மறுபடியும் கத்தினாள். மறுபடியும் அடி. அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் அந்த மனிதர் முதுகில்தான் போய் விழுந்தது.

டெனிஸ்டனுக்கு மட்டும் விளங்கியது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்திருந்தால் அவள் உடனே சொல்லியிருப்பாள். அதில் இருந்தது கெஞ்சல். சொல்லாத, சொல்லாத என்று கண்ணாலேயே கெஞ்சினான். சசியும் இவனிடம் இப்படித்தானே கெஞ்சியிருப்பான் என்று நினைத்தாள். பிறகு அவன் பார்வையை எடுத்துக்கொண்டு, அலவாங்கை ரெண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். இராமசாமியின் தலை நேர் கீழே இருந்தது.

"டெனிஸ்டன்!" என்றாள் ஜொய்சி. "சசிய வெட்டுனது டெனிஸ்டன்!"

கம்புகள் நின்றன. நல்லையாதான் முதலில் வாயைத் திறந்தார். "என்னா சொன்ன?"

"சசி இவரத்தான் அய்யான்னு கூப்புடுவான். சிங்களத்துல. ஒங்களத் தாத்தேன்னு கூப்புட்ட மாதிரி. அய்யா, எபா, எபான்னுதான் கெஞ்சியிருக்கான். நம்ம காதுல எப்பான்னு விழுந்திருக்கு."

வேறு யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்கும். நல்லையாவுக்கு வேண்டியிருக்கவில்லை. தாத்தே என்று கூப்பிடப்பட்ட மனிதர் அவர். அவருடைய முகம் மெல்ல மெல்லக் கல்லாவதை ஜொய்சி பார்த்தாள்.

டெனிஸ்டன் அலவாங்கைக் கீழே போட்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, அதைக்கூடச் சொல்லவில்லை. "ஒட்டுப்பால் கதைய அவன்தானே போயிச் சொன்னான்! என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டது அவன்தானே!" என்றான்.

தரையிலிருந்து இராமசாமி பேசினார். வாயில் பல் இல்லாமல், இரத்தக் குமிழிகளுக்கு நடுவே பேச்சு வந்தது. "சசி ஒன்னுமே சொல்லலடா... நானே பாத்தேன்டா... என் கண்ணாலயே பாத்தேன்டா..."

அப்போதுதான் நல்லையா குனிந்து அலவாங்கை எடுத்தார்.

"பொலிஸ்ல குடுங்க! மாமா, பொலிஸ்ல குடுங்க!" என்று ஜொய்சி பாய்ந்து நடுவில் விழப் போனாள். விஜயகலா அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். முதல் அடி முழங்காலில் விழுந்தது. டெனிஸ்டன் உட்கார்ந்தான். "ஜொய்சி, சொல்லேன்... சொல்லேன் இவங்ககிட்ட" என்றான். என்ன சொல்லச் சொன்னான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ரெண்டாவது அடி தலையில். தேங்காய் உடைகிற சத்தம்தான். அதற்குப் பிறகு கம்பு வைத்திருந்தவர்கள் எல்லாரும் அடித்தார்கள், ஆனால் அதெல்லாம் தேவையில்லாத அடி. இராமசாமியை அடிக்க நான்கு சாட்சி வேண்டியிருந்தது. டெனிஸ்டனை அடிக்க ஒரு பெண்டாட்டியின் வார்த்தை போதுமாக இருந்தது. யாரும் யோசிக்கவில்லை, யாரும் ஒத்துப்பார்க்கவில்லை.

அவன் வேண்டாத வேலை செய்தவன்தான். தம்பி மாதிரித் திரிந்த பிள்ளையைக் கொன்றவன்தான். ஆனாலும் அவள் கண்ணுக்கு முன்னால் அவன் கால் விரல்கள் துடித்து நின்றபோது அவள் போட்ட கூச்சல் கீழே ரோட்டுவரை கேட்டது. அந்தக் கூச்சலில் பாவம் புண்ணியம் எதுவும் இல்லை. அவன் அவளுடைய புருஷன், அவ்வளவுதான்.

பொலிஸ் ஜீப் பின்னேரம் வந்தது. இராமசாமியை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போனது. உயிர் தங்கும், கண் தங்காது என்றார்கள். டெனிஸ்டனைப் பாயால் மூடியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இந்த ஆளை அடித்துக் கொன்றது யார் என்று கேட்டார்.

விஜயகலா சொன்னாள்: கூட நின்ற ஒருத்தர், சேர், பேர் தெரியாது. சுதர்ஷினி சொன்னாள்: கூட நின்ற ஒருத்தர், சேர், பேர் தெரியாது. அருளப்பன் சொன்னார்: கூட நின்ற ஒருத்தர், சேர், பேர் தெரியாது. காலையில் ஒரு சட்டையின் நிறத்தில்கூட ஒத்துப்போகாத மூன்று பேரும் இப்போது ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள். ஹில்டா சொன்ன நியாயப்படி பார்த்தால் இன்ஸ்பெக்டருக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததோ என்னவோ, அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஜொய்சியைக் கூப்பிட்டார்.

அவள் போய் நின்றாள். அவருடைய தோளுக்குப் பின்னால், வாசல் படியில் நல்லையா உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவியிருந்தார், இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் தெறித்திருந்ததைக் கழுவவில்லை. பக்கத்தில் புஷ்பம். அவளுக்கு யாரோ மகனின் உடம்பு நாளைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள் போல. முடியில் ஒட்டிய பாலை எப்படி எடுப்பது, மண்ணெண்ணெய் போட்டால் போகுமா என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜொய்சிக்கு நல்லையா மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. வாய்வரை வந்த பெயர் பல்லில் இடித்துக்கொண்டு நின்றது. அவள்தான் மிகப் பக்கத்தில் நின்று பார்த்தவள். பனி இல்லை, மரம் மறைக்கவில்லை, பட்டப்பகல். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கவும் முடியாது.

ஆனால் ஒரு பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்திருந்தாள்.

"கவுத கெஹுவே?" என்று இன்ஸ்பெக்டர் மறுபடியும் கேட்டார். யார் அடித்தது?

"லங்க ஹிட்டிய கெனெக், சேர்," என்றாள் ஜொய்சி. கூட நின்ற ஒருவர். "நம தன்னே நே." பேர் தெரியாது.

படியில் இருந்த நல்லையா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வாசிப்புக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஹில்டாவிடம் சொல்லிவிட்டு, பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.